டி டிரைவுக்கு மாற்றியது யார்?

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்ததும் பிறக்காததுமாக ஸ்டுடியோக்காரர்கள் பென் டிரைவோடு எங்கள் ஆல்பம் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். எல்லாருக்கும் கல்யாண ஆல்பம் உடனே வேண்டுமாம். இந்த நேரம் பார்த்து என் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது. ஆல்பத்தில் ஒரு ஷீட்டைத் திறக்கச் சொன்னால் மாப்பிள்ளை வந்துவிடுகிறார், பெண் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

இத்தனைக்கும் நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக வேலை பார்க்கிறேன் என்று இவர் கடைக்குத் துணையாக வந்து, சும்மா இருக்காமல் என் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றித் தூசி ஊதிக் கொடுத்தார். சுத்தம் பண்ணின மறுநாளே இப்படி.

பக்கத்து சீட்டில் பியூலாவின் கம்ப்யூட்டருக்கு ஒரு கேடும் இல்லை. ஆனி மாதம் சுரண்டையிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே முதலாளி ஞானதுரை அண்ணாச்சி அவள் செய்த ஆல்பத்தைக் கவுண்டரில் மாதிரிக்கு வைத்துவிட்டார். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது நான் செய்தது. யாருடையது இருந்தால் என்ன. ஆல்பம் கடைக்குத்தானே.

சாயங்காலம் தென்காசி முழுக்கச் சாரல். துணி காயவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

“மெமரி போதவில்லை” என்று ஒரு கட்டம் வந்து நிற்கிறது. மூடினால் மறுபடி வருகிறது. அண்ணாச்சி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இவர் இன்று எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைத்திருந்தார். வேலை பார்த்த வீடியோ ஸ்டுடியோவை மூடிய பங்குனியிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த மனுஷர். இப்போது சொந்தமாக ஒரு கல்யாண வீடியோ எடிட்டிங் கிடைத்திருக்கிறது. போன வாரம் வரை “இந்தக் கம்ப்யூட்டர்ல இத ஓட்டவே முடியாது” என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். இப்போது ஓடுகிறதாம். கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க நிறைவாக இருந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் என் சீட்டில் பியூலா உட்கார்ந்திருக்கிறாள். என்னைக் கேட்காமல்.

“என்ன பண்ணுத?” என்றேன்.

“ஒண்ணுமில்லக்கா. சும்மா சும்மா அந்தக் கட்டம் வருதுல்ல, அதைச் சரி பண்ணுதேன். ராம்னு சொல்லுற மெமரி நெறைஞ்சு போச்சுன்னா கம்ப்யூட்டர் மிச்சத்த டிஸ்க்குல ஒரு ஃபைலா எழுதி வச்சுக்கிடும். விர்ச்சுவல் மெமரின்னு சொல்லுவாங்க. உங்களுக்கு அது சி டிரைவ்ல இருக்கு. ஆனா சி-ல எடமே இல்ல, அந்த ஃபைல் பெருசாக வழியில்லாம முட்டிக்கிட்டு நிக்கி. அதான் டி டிரைவுக்கு மாத்திட்டேன். கொஞ்சம் மெதுவாப் போகும், ஆனா நிக்காது.”

மளமளவென்று பேசினாள். ஒரு தப்பும் செய்யாதவர்கள் இவ்வளவு விளக்கம் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மெதுவா? ஆமை தேவலை. பெட்டிக்குள் டி டிரைவ் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கிறது. நேற்று மெமரி கட்டம் வந்தது, இன்று கட்டம் வரவில்லை, வேலையும் நகரவில்லை. பியூலா நான் ஒன்று முடிப்பதற்குள் மூன்று முடித்து அண்ணாச்சி மேசையில் வைத்துவிட்டாள்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் இவருக்குத் தெரியாதது இல்லை. கேட்டதும் கையில் இருந்த தோசையை அப்படியே வைத்துவிட்டார்.

“டி-க்கா மாத்தினா? ஏளா, சி புது எஸ்எஸ்டி, நெனச்ச மாத்திரத்துல எடுத்துக் குடுக்கும். டி பழைய டிஸ்க், உள்ள தட்டு சுத்தி சுத்தித் தேடணும். கைக்கெட்டுற எடத்துல இருந்த உப்பு டப்பாவைக் கொண்டு போய் மொட்டை மாடில வச்ச மாதிரி. வெவரம் தெரிஞ்சவ எவளும் இதச் செய்ய மாட்டா.”

“அவளுக்கு வெவரம் தெரியும்ங்க.”

“அப்ப தெரிஞ்சுதான் செஞ்சிருக்கா.”

அவர் மறுபடி தோசையைக் கையில் எடுத்துக்கொண்டார். நான்தான் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது வருஷமாக இந்தக் கடையில் இருக்கிறேன். என் வேலை இழுபட்டால் யாருக்கு நல்லது?

ஆகஸ்ட் 23, சனி

இவர் சொல்லிக் கொடுத்தபடி, பியூலா வெளியே போன நேரம் அந்த ஃபைலைத் திரும்பவும் சி-க்கே மாற்றிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் என்னைக் கேட்டா மாற்றினாள்?

வேகம் கொஞ்சம் வந்தது. மெமரி கட்டமும் வந்தது. மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இனி அவள் மேல் ஒரு கண் வைத்திருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இன்று பார்த்தது: காலையில் வாசலில் நின்று யாரிடமோ போனில் மெல்லப் பேசினாள், நான் வந்ததும் வைத்துவிட்டாள். மத்தியானம் என் மேசைக்கடியில் குனிந்து பெட்டியின் பக்கவாட்டை செல்போனில் படம் எடுத்தாள். ஏன் என்று கேட்டேன்.

“அக்கா, இந்தப் பெட்டியைக் கடைசியா யாரு தெறந்தா?”

“ஏன், உனக்கு என்ன?”

“இல்ல, ஸ்க்ரூ ஒண்ணு லூசா இருக்கு. உள்ள ஒரு தடவை பார்க்கட்டுமா?”

“ஒண்ணும் வேண்டாம். நீ உன் வேலையைப் பாரு.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நெத்திலி வாங்கினேன். வீட்டுக்குப் போனால் இவர் பாட்டுப் பாடிக்கொண்டு வீடியோவில் வண்ணம் சேர்த்துக்கொண்டிருந்தார். எத்தனை மாதம் கழித்துப் பாட்டு. நானும் சேர்ந்து முணுமுணுத்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கடை லீவு. கொழுக்கட்டை விரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

சங்கரன்கோவில் பார்ட்டியின் ஆல்பம். ஞாயிறு வரவேற்பில் மேடையில் வைக்க வேண்டியது. எல்லாம் முடித்து, சேவ் பண்ணும்போது திரை அப்படியே நின்றது. மெமரி கட்டம் வந்தது. பிறகு எல்லாம் நீலமாகி அணைந்துவிட்டது. திரும்பப் போட்டால் ஃபைல் திறக்கவே இல்லை. மூன்று நாள் வேலை.

அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. “யாரும்மா இதுல கை வச்சது? இதுவரைக்கும் இப்படி ஆனதே இல்லியே.”

“பியூலா விர்ச்சுவல் மெமரியை டி டிரைவுக்கு மாத்துச்சு அண்ணாச்சி” என்றேன்.

பியூலா எழுந்து வந்து என் திரையில் எதையோ திறந்து பார்த்தாள். “அண்ணாச்சி, நான் டி-க்கு மாத்தினது நெசம். ஆனா இப்ப அது சி-ல இருக்கு. யாரோ திருப்பி மாத்தியிருக்காங்க.”

“சி-யோ டி-யோ, எனக்கு அதெல்லாம் தெரியாது. அக்கா கம்ப்யூட்டர்ல அவங்களக் கேக்காமக் கை வச்சியா, இல்லியா?”

“வச்சேன். ஆனா...”

“அப்புறம் என்ன ஆனா? வேற கடைக்காரன் எவனாவது அனுப்பிச்சு வந்தியா? மொதல்ல கெளம்பு.”

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாப்பாட்டு டப்பாவை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

பியூலாவின் கம்ப்யூட்டரில் காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்து அந்த ஆல்பத்தை மறுபடி செய்து முடித்தேன். அண்ணாச்சியே காரில் கொண்டு போனார். பியூலாவின் டப்பாவைக் கழுவி அலமாரியில் வைத்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அவள் போய்விட்டாள். கம்ப்யூட்டர் சரியாகவில்லை.

இன்றும் அவளுடைய சீட்டில்தான் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அங்கே ராம் எவ்வளவு என்று சும்மா பார்த்தேன். பதினாறு ஜிபி. என்னுடையதில் பார்த்தேன். எட்டு. இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி வாங்கினது.

எனக்கு இதெல்லாம் அவ்வளவு விவரம் தெரியாது. அதனால் மூடிவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

தூசி இருக்கிறதா என்று பார்க்கத்தான் பெட்டியைத் திறந்தேன். கம்ப்யூட்டர் வாங்கி மாட்டும்போது கூடவே இருந்து பார்த்தவள் நான். சிவப்புத் தகடு போட்ட இரண்டு மெமரிப் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் செருகினார்கள். “நல்லாருக்கே, பொட்டு வச்ச மாதிரி” என்றுகூட நான் சொன்னேன்.

இப்போது ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்துப் பள்ளம் காலி.

வீட்டுக்கு வந்தபோது இவர் ரசத்துக்குத் தக்காளி வாங்கப் போயிருந்தார். இவருடைய கம்ப்யூட்டரின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் பார்த்தேன். பச்சையாக ஒன்று. அதன் பக்கத்தில் சிவப்பு.

கதவை மாட்டிவிட்டு அரிசி களைந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கேட்டுவிட்டேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பார்த்தேன். முடியவில்லை.

“தூசி தட்ட வந்த அன்னைக்கு எடுத்தீங்களா?”

இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் நம்புவதற்கும் தயாராக இருந்தேன் போல. அவர் தலையைக் குனிந்துகொண்டு, “எடுக்கணும்னு வரல உலகு. தெறந்து பார்த்தேன், ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு இல்லைன்னாலும் உன்னுது ஓடும். என்னுது இல்லாம ஓடாது. இந்த ஒரு வீடியோ முடிஞ்சதும் வச்சிரலாம்னுதான்...” என்றார். கொஞ்சம் கழித்து, “அஞ்சாறு மாசமா மனுசனா நெனைக்காத ஊரு. ஒருத்தன் நம்பிக் குடுத்தான். அவன்கிட்டப் போய் கம்ப்யூட்டர் ஓடலன்னு சொல்லச் சொல்லுதியா?”

“அந்தப் பிள்ள மேல பழி வந்துச்சே. நீங்கதானே தெரிஞ்சு செஞ்சிருக்கான்னு சொன்னீங்க.”

“பிரச்சினை வேற பக்கம் போகட்டும்னு சொன்னேன். அவளை வெரட்டிருவாங்கன்னு கனவா கண்டேன்?”

சனிக்கிழமை வீடியோ முடிந்துவிடுமாம். ஞாயிறு யாரும் இல்லாத நேரம் வந்து திரும்ப மாட்டிவிடுகிறாராம். ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் அதுதான் சரி என்று பட்டது. வீடியோவை நடுவில் நிறுத்தினால் மறுபடி படுத்துவிடுவார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாட்டிவிட்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

கம்ப்யூட்டர் பறக்கிறது. ஷீட் திறக்கிறது, மூடுகிறது, ஒரு தடங்கல் இல்லை.

அண்ணாச்சி பின்னால் வந்து நின்று பார்த்தார். “பாத்தியா உலகு? அந்தப் புள்ள போனதும் எல்லாம் தன்னால சரியாயிட்டு. நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சா?”

நான் அடுத்த ஷீட்டைத் திறந்தேன்.

“நேத்து திருநெல்வேலிலேந்து ஒரு ஆல்பம் லேப்காரன் போன் பண்ணினான். பியூலான்னு ஒரு பொண்ணு வேலை கேட்டு வந்திருக்கு, எப்படின்னு கேட்டான். கிட்டவே சேக்காத, கடையையே கவுத்திருவான்னு சொல்லிட்டேன்.”

நல்லது செய்தது போலச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்தப் பட்டையைத் திரும்ப வைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். அது திரும்பி வந்ததுதான் இப்போது அவள் செய்ததற்குச் சாட்சியாக நிற்கிறது. நேற்று வரையாவது அவள்தானா என்று யாருக்காவது சந்தேகம் இருந்திருக்கும். அதையும் நாங்கள் துடைத்துவிட்டோம்.

வேலை ஓடவில்லை. கம்ப்யூட்டர்தான் ஓடியது.

செப்டம்பர் 9, செவ்வாய்

அண்ணாச்சி கல்லாவில் தனியாக இருந்த நேரம் போய்ச் சொன்னேன். இவர் எடுத்ததை, திரும்ப வைத்ததை, இரண்டையும். உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

“என் வாயால சொன்னேனே” என்றார். “கடையையே கவுத்திருவான்னு என் வாயாலல்லா சொன்னேன்.” உடனே அந்தத் திருநெல்வேலிக்காரருக்குப் போன் போட்டார். தப்பு என் பக்கம் என்று சொன்னார். அவர்கள் வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே பேசினார். “உன் வீட்டுக்காரரு இனி இந்தக் கடைப் படி ஏறக் கூடாது. நீ இருக்கியா, போறியாங்கறத நான் சொல்ல மாட்டேன். அந்தப் புள்ளயப் போய்ப் பாரு. அது என்ன சொல்லுதோ அதான்.”

செப்டம்பர் 10, புதன்

சுரண்டைக்குப் பஸ் ஏறினேன். பியூலா வீடு சர்ச்சுக்குப் பின்னால். அவள் அம்மா வெளியே வந்து, யார் என்று கேட்டு, பெயரைச் சொன்னதும் அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். பியூலா வந்து கேட்டைத் திறக்காமலே நின்றாள். அவளுடைய டப்பாவைக் கம்பி வழியாகக் கொடுத்தேன்.

நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

“ஒரு ராம் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். ரெண்டு ஸ்லாட்ல ஒண்ணு காலின்னு கம்ப்யூட்டரே காட்டிச்சு. அதான் பெட்டியை யாரு தெறந்தான்னு உங்ககிட்டக் கேட்டேன்.”

“ஏன் அண்ணாச்சிகிட்ட அதைச் சொல்லல?”

“நீங்கதான் எடுத்தீங்கன்னு நெனச்சேன்.”

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. என்னைப் பார்த்தா அப்படி நினைப்பது என்று. அந்தக் கோபத்தோடு அங்கே நிற்க எனக்கு என்ன யோக்கியதை என்பது அப்புறம்தான் உறைத்தது.

“உள்ள பார்க்கட்டுமான்னு கேட்டா வேண்டாம்னீங்க. வேற எப்படி நெனைக்க?” என்றாள். “நான் சொல்லியிருந்தா அண்ணாச்சி யார நம்புவாரு? ஆனில வந்த என்னையா, ஒம்பது வருசமா இருக்கிற உங்களையா?”

கொஞ்சம் கழித்து, “அந்த ஃபைலத் திரும்ப சி-க்கு மாத்தினது யாரு?” என்று கேட்டாள்.

அதை நான் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. இவரிடம்கூட அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

“நான்தான்.”

“சி-ல எடமே இல்லன்னு சொன்னேன்லா? ராமும் பாதி, சி-லயும் எடமில்ல. அது எங்க போகும்? டி-ல மெதுவாவாச்சும் ஓடியிருக்கும். அந்த ஆல்பம் போயிருக்காது.”

“அப்ப எதுக்கு என்கிட்ட அவ்வளவு வெளக்கம் சொன்ன?”

“உங்களுக்குப் புரியணும்னுதான்” என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வெயில். குடை கொண்டு போகவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இவர் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வீடியோவைக் கொடுத்துவிட்டு வந்தார். அவர்களுக்கு ரொம்பப் பிடித்ததாம், இன்னொரு கல்யாணத்துக்கும் சொல்லியிருக்கிறார்களாம். அதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

“ஊருக்கே என்னைத் திருடன்னு சொல்லிட்ட.”

“ஊருக்குச் சொல்லல. அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். என்னைக் கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா எடுக்க விட்டிருப்பியா?”

விட்டிருக்க மாட்டேன். அண்ணாச்சியிடம் இரவல் கேட்டிருப்பேன். அல்லது கேட்கக் கூச்சப்பட்டு, முடியாது என்று சொல்லியிருப்பேன். எனக்கே தெரியவில்லை. அவர் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதும் நினைவில் வந்து தொலைத்தது.

ராத்திரி, வாசல் கதவைப் பூட்டிவிட்டேன் என்றார். சரி என்றேன். அவர் அந்தப் பக்கம் போனதும் எழுந்து போய் இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

பியூலா வேலைக்குத் திரும்பி வந்தாள். அண்ணாச்சி இரண்டு ஸ்டுடியோக்காரர்கள் நிற்கும்போதே எழுந்து நின்று, “தப்பு எங்களுது, இந்தப் புள்ள மேல ஒண்ணும் இல்ல” என்று சத்தமாகச் சொன்னார். அண்ணாச்சி போன் பண்ணியபோது அவள் கேட்டிருந்தது அது ஒன்றுதானாம். நான் வேலையில் இருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறாள். ஆனால் என் பக்கத்து சீட் வேண்டாம் என்று கம்ப்யூட்டரை ஜன்னல் ஓரம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் அவளாகவே என் மேசைக்கு வந்தாள். நான் எழுந்து இடம் விட்டேன். சி டிரைவில் மூட்டையாகக் கிடந்த பழைய ஆல்பங்களை எல்லாம் டி-க்குத் தள்ளினாள். பாதி இடம் காலியானது. அப்புறம் விர்ச்சுவல் மெமரியை சி-யிலேயே, ஒரே அளவாக நிறுத்தினாள்.

“எஸ்எஸ்டில எடம் இருந்தா இதான் சரியான எடம்” என்றாள். பொதுவாகச் சொன்னாள், என்னிடம் சொன்னது போல இல்லை. நான் தலையாட்டினேன்.

“இனி யாரும் இதை மாத்த முடியாதபடி ஒரு பாஸ்வேர்ட் போட்டுருதேன். அண்ணாச்சி போடச் சொன்னாரு.”

“போடும்மா.”

அடிக்கத் தொடங்கியவள் கையை நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். இடது கையை எடுத்துக் கீபோர்டுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவள் “ஆச்சு” என்று சொல்லும் வரை திரும்பவில்லை.